குதிரைக்கும் தொய்வு உண்டு

பாராமற் கெட்டது பயிர், ஏறாமற் கெட்டது குதிரை, கேளாமற் கெட்டது கடன் என்று நம் முன்னோர் கூறி வைத்தனர். பயிரையும் கடனையும் பற்றி அவர்கள் சொன்னது இன்றும் மெய்யாகவே இருக்கின்றது. குதிரையைப் பற்றிச் சொன்னதிலும் பிழையில்லை. ஆயினும், ஏறுவாரில்லாத குதிரை எங்கே நிற்கின்றது, எதனை மிதித்து நிற்கின்றது, எந்தக் காற்றை உள்ளிழுத்து நிற்கின்றது என்பவற்றையும் அப்பழமொழியோடு சேர்த்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். குதிரைகளுக்கு அருகே 20 ஆண்டுகள் வாழ்ந்த எமக்கு, அவை ஏறாமையால் அடையும் கேட்டிலும் அடைபட்டிருத்தலால் அடையும் கேடே பெரிதென்று தோன்றுகின்றது.

குதிரையின் மூச்சைப் பற்றி எமக்கென்ன என்று வாசகர் சிலர் நினைக்கக்கூடும். இரவு முழுவதும் படுக்க முடியாமல் இளைக்கும் பிள்ளையைத் தோளிற் சாய்த்துக்கொண்டு விடியும்வரை விழித்திருந்த தாய்மார் பலர் இப்பக்கத்தைப் படிப்பர். யாழ்ப்பாணத்தார் தொய்வு என்றும் முட்டு என்றும் சொல்வர். தமிழ் வைத்தியர் ஈளை என்பர். ஆங்கில வைத்தியர் ஆஸ்துமா என்பர். அந்நோய் மனிதருக்கு மட்டும் உரியதன்று. குதிரைக்கும் அது உண்டு. அதன் காரணத்தை அறிந்தவர்கள் தம் வீட்டுப் பிள்ளையின் மூச்சையும் சற்று நன்றாக விளங்கிக்கொள்வர்.

வரிசையில் நின்ற ஆண்டு

எமது தந்தையார் உத்தியோகம் காரணமாக வடக்கிலிருந்து நுவரெலியாவுக்கு வந்து தங்கியவர். எமது தமையனார் உத்தியோகத்தை நாடாமல் மட்டக்குதிரைகளை நாடினார். மூன்று குதிரைகளை வைத்துக்கொண்டு, கிரகரி வாவிக் கரையில் உல்லாசப் பயணிகளின் பிள்ளைகளை ஏற்றி இறக்கி வாழ்பவர் அவர். சித்திரை மாதத்து வசந்த காலத்தில் ஊர் நிறையும். அம்மாத வருமானமே அவர் வீட்டில் அடுப்பெரிவதற்குப் பெருந்துணை. அம்மூன்றினுள்ளும் மூத்தது செம்பி என்னும் பெட்டைக்குதிரை. செம்பின் நிறம், சாதுவான குணம். எந்தப் பிள்ளையையும் அஞ்சாமல் ஏற்றிவிடலாம்.

2022ஆம் ஆண்டு நாடு எரிபொருளுக்காக வரிசையில் நின்றதை எவரும் மறந்திருக்கமாட்டார். பயணிகள் வரவில்லை. தீவனத்தின் விலை நாளுக்கு நாள் ஏறியது. லொறி அடுத்த மாதம் ஓடுமோ ஓடாதோ என்ற ஐயத்தினால், தமையனார் வெலிமடைப் பக்கத்திலிருந்து ஆறு மாதத்துக்கு வேண்டிய நெல் வைக்கோலை ஒரே நடையில் வருவித்தார். வழியில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்தும் நனையாமலும் வந்து சேர்ந்த வைக்கோல், லாயத்தின் பரணில், குதிரைகளின் தலைக்கு நேர் மேலே அடுக்கப்பட்டது. அதுவே அவற்றுக்கு உணவு, அதுவே படுக்கை. ஏறுவார் இன்மையால் அவை பகலிலும் உள்ளேயே நின்றன. ஆனி, ஆடி மாதங்களின் குளிரும் சாரலும் உட்புகாதபடி யன்னல்கள் சாக்கினால் அடைக்கப்பட்டன. அன்பினாற் செய்யப்பட்ட காரியமே அதுவும்.

ஆடி முடிவில் செம்பி இருமத் தொடங்கியது. முதலில் காலையில் தீனி வைக்கும்போது ஓரிரு தடவை, பின்னர் நடக்கும்போது, பின்னர் நிற்கும்போதும். சளி என்று எண்ணி இஞ்சியும் மிளகும் காய்ச்சிக் கொடுத்தார் தமையனார். குறைவு காணவில்லை.

அது சளியன்று என்பதைக் கண்டவள் தமையனாரின் மகள். அப்போது அவளுக்கு 9 வயது. பிறந்த இரண்டாம் ஆண்டு முதலே தொய்வினால் வருந்தியவள். ஒரு மாலைப்பொழுதில் எம் கையைப் பிடித்து இழுத்துச் சென்று குதிரையின் விலாப்புறத்தைக் காட்டினாள்.

“சித்தப்பா, செம்பிக்கு முட்டு. மூச்சை இழுக்கிறதுக்குக் கஷ்டப்படவில்லை, விடுகிறதுக்குத்தான் கஷ்டப்படுகுது. வயிற்றைப் பாருங்கள், இரண்டு தரம் அமுக்குது.”

தன் உடம்பினால் அறிந்ததையே அவள் கூறினாள். தொய்வு உடையவர்க்கு மூச்சை வெளியே விடுவதே பெரும்பாடு. குதிரையின் மூக்குத் துவாரங்கள் விரிந்திருந்தன. மூச்சு வெளியேறும் ஒவ்வொரு முறையும் வயிறு ஒருமுறை தானாக அடங்கி, மீண்டும் ஒருமுறை வலிந்து இறுகியது. விலா எலும்புகளின் கீழ் ஓரமாகத் தசை தடித்து ஒரு வரம்பு போலத் தெரிந்தது. நாட்கணக்கில் வயிற்றுத் தசையினால் மூச்சை நெட்டித் தள்ளியதன் தழும்பு அது.

மிருக வைத்தியர் சொன்னவை

மறுநாள் மிருக வைத்தியர் வந்தார். நாடியையும் உடற்சூட்டையும் பார்த்தார். தாடையின் அடியில் வீக்கம் உண்டா என்று தடவிப் பார்த்தார். காய்ச்சலும் இல்லை, வீக்கமும் இல்லை. ஆதலால் மற்றக் குதிரைகளுக்குத் தொற்றக்கூடிய நோய் இதுவென்று கருத இடமில்லை என்றார். அமைதியாக நிற்கும் குதிரை ஒரு நிமிடத்தில் 8 முதல் 16 தடவை மூச்சு விடும். செம்பி 32 தடவை விட்டது.

தமையனார் ஊசி போடும்படி கேட்டார். வைத்தியர் பரணை அண்ணாந்து பார்த்தார். ஒரு கைப்பிடி வைக்கோலை உருவி எடுத்து வெளிச்சத்தில் உதறினார். சாம்பல் நிறத்தில் ஒரு புகை கிளம்பி, கீழே விழாமல் காற்றிலேயே நின்றது.

“ஊசி போடுகிறேன். ஆனால் இந்த வைக்கோல் இங்கே இருக்குமட்டும் என் மருந்து ஆற்றிற் கரைத்த புளிதான். வருத்தம் குதிரையில் இல்லை, லாயத்தில் இருக்கிறது” என்றார் அவர்.

அந்த ஒரு வசனத்தைச் சுற்றியே இந்நோய் பற்றிய அறிவு முழுவதும் அமைந்திருக்கின்றது என்பதைப் பின்னர் நூல்களைத் தேடிப் படித்தபோது உணர்ந்தோம்.

மூக்கு ஒன்றே வழி

மாணவர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். மனிதன் மூக்கு அடைத்தால் வாயினால் மூச்சு விடுவான். நாயும் வாயைத் திறந்து இளைக்கும். குதிரைக்கு அவ்வழி இல்லை. அதன் மெல்லண்ணம் நீண்டு, மூச்சுக்குழலின் வாயிலைச் சுற்றிப் பொருந்தி, வாயையும் மூச்சுப் பாதையையும் வேறு வேறாகப் பிரித்து வைத்திருக்கின்றது. மேய்ந்துகொண்டே மூச்சு விடவும், பகையின் மணத்தை முகரவும் இயற்கை செய்த ஏற்பாடு அது.

ஓய்வாக நிற்கும் ஒரு பெரிய குதிரை ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய 5 லீற்றர் காற்றை இழுக்கும். பாய்ந்தோடும்போது ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று காலும் மூச்சும் ஒரே தாளத்தில் இயங்கும். அப்போது ஒரு நிமிடத்தில் 100 தடவைக்கு மேலாக மூச்சு விடும். இவ்வளவு காற்றும் மூக்கு என்னும் ஒரே வாயிலால் போய் வரவேண்டும். காற்றோடு தூசி வருமாயின் அதுவும் அதே அளவிற் பெருகியே உட்செல்லும்.

உட்சென்ற தூசியை வெளியேற்றவும் இயற்கை ஒரு வழி வைத்திருக்கின்றது. சுவாசக் குழாய்களின் உட்புறத்தில் மிக நுண்ணிய மயிர்கள் அசைந்து, தூசி படிந்த சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். குதிரை தலையைத் தாழ்த்தி மேயும்போது அச்சளி தானாக வழிந்து வெளியேறும். வெளியில் வாழும் குதிரை நாளின் பெரும்பகுதியைத் தலை தாழ்த்தியே கழிக்கின்றது. நாமோ புல்லைச் சுவரில் உயரத் தொங்கும் கூடையில் வைத்து, அண்ணாந்து தின்னச் செய்கின்றோம். தூசி கண்ணிலும் மூக்கிலும் கொட்டுகின்றது. சளியோ இறங்க வழியின்றி உள்ளே தேங்குகின்றது. நெடும்பயணத்தில் தலையை உயர்த்திக் கட்டி ஏற்றிச் செல்லப்படும் குதிரைகளுக்குச் சுவாசப்பையிற் கிருமி பெருகிக் கடும் நோய் உண்டாவதும் இதே காரணத்தினாலேயாம்.

தூசியில் இருப்பது என்ன

வைக்கோலின் தூசி வெறும் மண்ணன்று. புல்லோ வைக்கோலோ நன்றாகக் காயாமல், 20 வீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதனோடு கட்டி அடுக்கப்பட்டால், உள்ளே புழுக்கம் உண்டாகிச் சூடேறும். அச்சூட்டிற் பூஞ்சணங்களும் அவற்றை ஒத்த நுண்ணுயிர்களும் செழித்து வளர்ந்து, எண்ணற்ற வித்திகளைத் தூவும். அஸ்பேர்ஜிலஸ் பியூமிகேற்றஸ் என்னும் பூஞ்சணம் அவற்றுள் ஒன்று. ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்து அதில் ஐந்து பங்கினும் சிறியனவாகிய துகள்கள் சுவாசப்பையின் கடைசிக் கிளைவரை சென்று சேர்ந்துவிடும். பூஞ்சண வித்திகள் பல அத்தகையவை. ஈரமான புல்லைப் பிரித்துப் பிரித்து வேலை செய்யும் குடியானவரையும் இதே நுண்ணுயிர்கள் தாக்குவதுண்டு. விவசாயியின் சுவாசப்பை நோய் என்று வைத்தியர்கள் அழைப்பது அதனையே.

இத்தூசியை எல்லாக் குதிரைகளும் ஒரே விதமாக ஏற்பதில்லை. தமையனாரின் மற்றை இரண்டு குதிரைகளும் அதே லாயத்தில் அதே வைக்கோலைத் தின்று சுகமாகவே நின்றன. ஒவ்வாமை உடைய குதிரையின் உடலோ, அவ்வித்திகளைப் பெரும்பகை என்று எண்ணிப் போர் தொடுக்கின்றது. வெண்குருதிக் கலங்கள் திரண்டு வருகின்றன. சுவாசக் குழாய்களின் உட்புறம் வீங்குகின்றது. சுற்றியுள்ள தசை இறுகுகின்றது. சளி பசைபோலத் தடிக்கின்றது. உட்சென்ற காற்று வெளிவர வழியின்றி அகப்பட்டுக்கொள்கின்றது. கடுமையான வடிவில் இந்நோய் பெரும்பாலும் 7 வயதைக் கடந்த குதிரைகளிலேயே காணப்படும். பெற்றோர் வழியாக இந்த இயல்பு வருவதும் உண்டு.

இன்னொரு வஞ்சகமும் இந்நோய்க்கு உண்டு. தூசியை மூச்சில் இழுத்த உடனே துன்பம் வெளிப்படுவதில்லை. பல மணி நேரம் சென்ற பின்னரே வெளிப்படும். காலையில் உதறிய வைக்கோலுக்கு மாலையில் மூச்சு முட்டும். அதனாலேயே குற்றவாளி யாரென்பது எளிதிற் புலப்படுவதில்லை.

பழைய நோய், புதிய பெயர்

நூற்றாண்டுகளாக மனிதர் அறிந்த நோய் இது. ஆங்கிலேயர் மூச்சு உடைந்த குதிரை என்ற பொருள்பட இதற்குப் பெயரிட்டனர். இங்கிலாந்தில் லிச்பீல்ட் நகரில் வாழ்ந்த சேர் ஜோன் புளோயர் என்ற வைத்தியர், தாமே தொய்வினால் நெடுங்காலம் வருந்தியவர். 1698ஆம் ஆண்டில் அந்நோயைப் பற்றி ஒரு நூல் எழுதிய அவர், மூச்சு உடைந்த பெட்டைக்குதிரை ஒன்றின் சுவாசப்பையை அறுத்து ஆராய்ந்து, அது காற்றினால் உப்பியிருந்ததைப் பதிவு செய்தார். தம் துன்பத்தின் காரணத்தைக் குதிரையின் உடலுக்குள்ளே தேடிய அப்பெரியாரை நினைக்கும்போது, விலாவைச் சுட்டிக்காட்டிய அந்தச் சிறுமியின் விரல் எம் நினைவுக்கு வருகின்றது.

மோட்டார் வண்டி வருமுன், வேலையும் போக்குவரத்தும் குதிரையையே நம்பியிருந்த நாடுகளில் மூச்சு உடைந்த குதிரைக்கு விலையில்லை. ஆதலால் சந்தையில் அதனை மறைக்கத் தரகர் செய்த தந்திரங்களும் பல. கொழுப்பையும் ஈயக் குண்டுகளையும் ஊட்டிச் சில மணி நேரத்துக்கு இளைப்பை அடக்கி விற்றுவிடுவர் என்பர். பிற்காலத்தில், புகைபிடிப்பவர்க்கு வரும் நாட்பட்ட சுவாசப்பை நோயின் பெயரையே இதற்கும் இட்டனர். இரண்டும் வேறு என்பது தெளிந்ததும் அப்பெயர் கைவிடப்பட்டது. 2016ஆம் ஆண்டில் வல்லுநர்கள் வெளியிட்ட இணக்க அறிக்கை, இலேசான வடிவு முதல் கடுமையான வடிவு வரை யாவற்றையும் குதிரைத் தொய்வு என்ற ஒரே பெயரில் அடக்கியது.

வைக்கோலை விற்ற கதை

செம்பியின் நோய் வெளிப்பட்டதும் அறிவுரை கூற வந்தோர் பலர். வந்த விலைக்கு விற்றுவிடு என்றனர் சிலர். அவிழ்த்து விட்டுவிடு, தன்பாட்டில் மேய்ந்து திரியட்டும் என்றனர் வேறு சிலர். வேலைக்கு உதவாத குதிரைகள் கேட்பாரற்று வீதிகளிலே திரிந்து குப்பையைக் கிளறுவதை நுவரெலியாவுக்கு வந்தவர்கள் கண்டிருக்கக்கூடும். திறந்த வெளியே இந்நோய்க்கு மருந்து என்பது உண்மை. ஆயினும் புல்லும் நீரும் கூரையும் இல்லாத திறந்த வெளி மருந்தாகாது. குப்பைமேட்டில் உண்ணும் குதிரைக்கு மூச்சு நேரானாலும் குடல் கெடும். வெளியே விடுவது வேறு, கைவிடுவது வேறு.

மறுபுறம், அடுத்த சித்திரைக்குச் செம்பி எழும்பாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு வருமானம் போய்விடும் என்பதும், வெளியே கொட்டகை போடக் கையிற் பணம் இல்லை என்பதும் தமையனாரின் கவலை. இரண்டு நாட்கள் அவர் எவருடனும் பேசவில்லை. அண்ணியாரே வழி கண்டார்.

“குதிரையை விற்க வேண்டாம். வைக்கோலை விற்போம்” என்றார் அவர்.

இரசாயன உரத்தின் இறக்குமதிக்கு 2021இல் விதிக்கப்பட்ட தடை அவ்வாண்டிலேயே நீங்கியபோதிலும், உரத்தின் விலை தோட்டக்காரருக்கு எட்டாத உயரத்திலேயே நின்ற காலம் அது. குதிரைக்கு நஞ்சாகிய பூஞ்சண வைக்கோல், கரட்டும் லீக்சும் பயிரிடுவோருக்குக் கூட்டெருவாகப் பயன்படுவது. பரணில் இருந்த யாவும், சாணத்தோடு சேர்த்து, இரண்டு நாட்களில் விலைப்பட்டது. தமையனாரும் எம் மைத்துனரும் முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு, குதிரைகளை வெளியே தூரத்திற் கட்டிவிட்டு அதனை இறக்கினர். அப்பணத்தில் தகரமும் மரமும் வாங்கி, லாயத்தின் பின்புறத்துப் புல்வெளியில் மூன்று பக்கம் திறந்த ஒரு கொட்டகை எழுந்தது.

நாம் செய்தவை

அதன்பின் செய்தவற்றைக் குதிரை வளர்ப்போருக்கு உதவும் என்ற எண்ணத்துடன் இங்கே கூறுகின்றோம்.

பகலும் இரவும் செம்பியை வெளியே நிறுத்தினோம். குளிர் தாங்குமா என்று அஞ்ச வேண்டியதில்லை. உடம்பு காய்ந்து, வயிறு நிறைந்து, மழைக்கு ஒதுங்க இடமும் இருந்தால், குதிரை குளிரை நன்கு தாங்கும். அடைபட்ட காற்றைத்தான் தாங்காது. உணவுக்குப் பசும் கிக்குயுப் புல்லை அறுத்துக் கொடுத்தோம். காய்ந்த புல் கொடுக்க நேர்ந்தால், அதனை அரை மணி நேரம் நீரில் முழுவதாக ஊறவைத்து வடித்துக் கொடுத்தோம். ஊறிய புல்லின் தூசி கிளம்பாது. ஆனால் ஊறும் நேரம் நீண்டால் சத்தும் நீரோடு போய்விடும். ஊறிய புல்லை மீதம் வைத்தால் விரைவிற் புளித்துக் கெட்டுவிடும். ஆதலால் வேளைக்கு வேண்டியதை மட்டும் ஊறவைக்க வேண்டும். வசதி உள்ள நாடுகளிற் புல்லை நீராவியில் அவித்துக் கொடுக்கும் பெட்டிகள் உண்டு. அவிப்பதால் பூஞ்சணமும் மடிகின்றது. பூஞ்சணம் மண்டிய புல்லையோ ஊறவைத்தாலும் அவித்தாலும் கொடுத்தல் தகாது.

சுவரிலே தொங்கிய கூடையைக் கழற்றித் தரையில் வைத்தோம். படுக்கைக்கு வைக்கோலை நீக்கி, மரக்காலையிலிருந்து பெருஞ்சீவல்களை வாங்கி இட்டோம். மாவு போன்ற மரத்தூளைத் தவிர்த்தோம். சிறுநீர் ஊறிய படுக்கையை நாள்தோறும் அகற்றினோம். சிறுநீரிலிருந்து எழும் அமோனியா வாயுவும் மூச்சுக் குழாய்களை எரிச்சலூட்டும். நிமிர்ந்து நிற்கும் மனிதன் அதனை உணராமற் போகலாம். தரையில் முழங்காலிட்டு, படுத்திருக்கும் குதிரையின் மூக்கு உயரத்தில் முகர்ந்து பார்த்தால் லாயத்தின் உண்மை தெரியும். மற்றக் குதிரைகளின் லாயத்து யன்னல்களிலிருந்த சாக்குகள் நீங்கின. கூட்டுவது குதிரைகள் வெளியே போன பின்னர் என்றாயிற்று. கூட்டுமுன் நீர் தெளிப்பதும் வழக்கமாயிற்று. ஒரு குதிரைக்கு மட்டும் தூசியை விலக்கி, அடுத்ததற்கு வைக்கோலை உதறினால் பயனில்லை. காற்றுக்குச் சுவர் இல்லை.

மருந்தின் இடம்

மருந்து வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அழற்சியை அடக்கும் டெக்சாமெதசோன், பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட் மருந்துகளும், இறுகிய குழாயை விரிக்கும் கிளென்பியூட்டரோல், சல்பியூட்டமோல் போன்ற மருந்துகளும் தகுந்த நேரத்தில் உயிர் காப்பவை. செம்பிக்கும் முதற் பதினைந்து நாட்கள் ஸ்டீரொயிட் கொடுக்கப்பட்டது. ஆயின் அவற்றை அளவறிந்து, வைத்தியர் கண்காணிப்பிலேயே கொடுத்தல் வேண்டும். ஸ்டீரொயிட் மருந்தினால் சில குதிரைகளுக்குக் குளம்பின் உட்தசையில் அழற்சி ஏற்படக்கூடும். குளம்பு கெட்ட குதிரை நிற்கவே முடியாது. குழாயை விரிக்கும் மருந்தை மட்டும் கொடுத்துத் தூசியை நீக்காவிட்டால், விரிந்த குழாய் இன்னும் ஆழமாகத் தூசியை வரவேற்கும். சில வாரங்களில் மருந்தின் வலியும் குன்றிவிடும். இருமல் கண்டவுடன் கிருமிக்கொல்லி மருந்தை ஊசியிடும் வழக்கமும் இந்நோயிற் பயன்தராது. இது கிருமியினால் வந்த நோயன்று.

சிறுமி வாயில் வைத்து உறிஞ்சும் நீல நிறக் குழலிலுள்ள சல்பியூட்டமோலையே குதிரைக்கும் மூக்கைப் பொதியும் முகமூடி வழியாகக் கொடுப்பதுண்டு. அதனை வைத்தியரிடமிருந்து கேட்டறிந்த நாள் முதல், மருந்து உறிஞ்ச அடம்பிடிப்பதை அவள் விட்டுவிட்டாள். செம்பிக்கும் இதே மருந்து என்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது போலும்.

மூச்சோடு ஒவ்வாமை முடிந்துவிடுவதில்லை. நுளம்பிலும் சிறிய, இரத்தம் உறிஞ்சும் ஒருவகை ஈயின் கடிக்கு ஒவ்வாத குதிரைகள், பிடரியையும் வாலடியையும் மரத்தில் உராய்ந்து உராய்ந்து மயிரிழந்து புண்ணாக்கிக்கொள்ளும். ஐஸ்லாந்து நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பப்படும் குதிரைகளிடையே இது மிகுதி. பிறந்த நாட்டில் அறியாத ஈக்களைப் புதிய நாட்டிற் சந்திக்கும் உடல் தடுமாறுகின்றது. அவை திரும்பிப் போகவும் இயலாது. வெளியேறிய குதிரையை மீண்டும் உள்ளே விடுவதில்லை என்பது அந்நாட்டுச் சட்டம். அவ்வீக்கள் மிகுதியாகக் கடிப்பது விடியலிலும் அந்தியிலும் ஆதலால், அவ்வேளைகளிற் குதிரையைப் போர்வையால் மூடுவதும், தேங்கிய நீரையும் சேற்றையும் விலக்குவதும் நன்று. இங்கும் மருந்தைவிட இடமே முக்கியம்.

கிடைத்த பயன்

பத்து நாட்களில் செம்பியின் இருமல் தணிந்தது. ஆறாம் வாரத்தில் மூச்சு நிமிடத்துக்கு 14 ஆயிற்று. சிறுமி நாள்தோறும் விலாப்புறத்தை நோக்கி எண்ணிக் கொப்பியில் எழுதி வைத்தாள். தன் மூச்சையும் பக்கத்தில் எழுதினாள். அடுத்த சித்திரையில் செம்பி வாவிக் கரையின் சமதரையிற் பிள்ளைகளை ஏற்றி நடந்தது. மேட்டு வழியில் அதனைச் செலுத்துவதைத் தமையனார் அடியோடு விட்டுவிட்டார்.

நோய் நீங்கிவிட்டது என்று நாம் கூறமாட்டோம். இது முற்றாக நீங்கும் நோயன்று. ஒரு நாள் பக்கத்து வீட்டார் வைக்கோற் கட்டைப் பிரித்த தூசி இப்பக்கம் வந்தபோது, அன்றிரவே செம்பி இருமியது. ஒவ்வாமை அவ்வுடலில் வாழ்நாள் முழுவதும் விழித்துக்கொண்டே இருக்கும். அதனை எழுப்பாமல் இருப்பதே நாம் செய்யக்கூடியது.

லாயமும் லயமும்

குதிரை நிற்பது லாயம். தோட்டத் தொழிலாளர் வாழ்வது லயம். எழுத்தில் ஒரு கால் மட்டுமே வேறுபாடு. நுவரெலியாவைச் சுற்றியுள்ள பழைய லய அறைகள் சிலவற்றுள் சென்றவர்கள், புகைபோக்கி இல்லாத விறகடுப்பையும், ஈரச் சுவரிற் படர்ந்த பூஞ்சணத்தையும், குளிருக்கு அஞ்சி அடைத்த ஒற்றை யன்னலையும் கண்டிருப்பர். அங்கே இருமும் பிள்ளைக்குப் பாணி மருந்து ஒரு போத்தல், அடுத்த மாதம் இன்னொரு போத்தல் என்று கொடுத்துக்கொண்டே இருக்கின்றோம். வருத்தம் குதிரையில் இல்லை, லாயத்தில் இருக்கிறது என்ற சொல் அங்கேயும் பெரிதும் பொருந்தும். அடுப்பின் மேல் ஒரு புகைபோக்கியும், எதிரெதிராக இரண்டு யன்னல்களும், ஒழுகாத கூரையும் மருந்துக்கடையில் விற்கப்படுவன அல்ல. ஆயினும் அவை மருந்துகளே.

குதிரை வளர்ப்போர் மிகச் சிலர். ஆயின் வாவிக் கரையில் தம் பிள்ளையைக் குதிரை மீது ஏற்றுவோர் பலர். ஏற்றுமுன் ஒரு நிமிடம் அவ்விலங்கின் விலாப்புறத்தை நோக்குங்கள். மூச்சு அமைதியாக வந்து போகின்றதா, மூக்குத் துவாரம் விரிந்திருக்கின்றதா, வயிறு இருமுறை இறுகுகின்றதா என்று பிள்ளையையும் பார்க்கச் சொல்லுங்கள். இளைக்கும் குதிரையாயின் ஏறாதிருங்கள்; உடையவரிடம் மரியாதையாக ஒரு சொல் சொல்லுங்கள். அவரும் பெரும்பாலும் எம் தமையனாரைப் போல அன்புள்ளவராகவே இருப்பார். அவர் வேண்டுவது பழிச்சொல் அன்று. எங்கே பார்ப்பது என்று காட்டும் ஒரு விரலே.